ஈயம் இல்லாத உருளி

தம்பிக்கு,

இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். சரக்கு வராத மாதத்திலும், மழை பொய்த்த வருஷத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை அந்த வரியை விட்டுவிட்டேன். உன் ஆத்தா என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், போய்விடுகிறாள். தபாலட்டையில் இடம் போதாது என்பதால்தான் இதை உறைக்குள் வைக்கிறேன், மறைப்பதற்காக அல்ல. கோவில்பட்டியில் உன்னோடு வேலை பார்க்கிற வாத்தியார்கள் கேட்டால் தாராளமாக வாசித்துக் காட்டு. இங்கே கடைக்கு வருகிறவர்களிடம் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் தாய்மாமன் போன வாரம் கடைக்கு வந்தான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. "மச்சான், வாடிப்பட்டிப் பிள்ளைய இனி வச்சு இழுத்துக்கிட்டு இருக்க வேணாம். தை பொறந்ததும் பெரியவுகள வச்சு அத்து விட்டுருவோம். வேற எடம் பாத்துட்டேன்" என்றான். அவன் சொன்ன வாடிப்பட்டிப் பிள்ளை உன் மனைவி பேச்சி. ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போகிற வழக்கப்படி போனவளை ஆவணியில் நாம் கூப்பிடவில்லை. புரட்டாசியில் கூப்பிடவில்லை. தீபாவளிக்கும் கூப்பிடவில்லை. போ என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ராசி கெட்டவள் என்று உன் ஆத்தா அவளுக்கு ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயர் சமயநல்லூர் தாண்டி வாடிப்பட்டி வரைக்கும் போய், இப்போது அவள் தங்கைக்கு வந்த சம்பந்தத்தையும் தட்டிவிட்டது. "அக்காக்காரி கால் வச்ச அன்னைக்கே அந்த வீட்ல பிணம் விழுந்துச்சாம்ல" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்களாம்.

ராசி இல்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நம் இரண்டு பேருக்கும் தெரியும் என்பதும் நம் இரண்டு பேருக்குமே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ ஹைஸ்கூலில் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புதுமண்டபத்துப் பக்கம் நம் கடை அப்போதுதான் கொஞ்சம் காலூன்றியிருந்தது. அதற்கு முன்னால் நான் தலையில் கூடை சுமந்து ஊர் ஊராகப் பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் மாற்றியவன். எனக்குப் பித்தளையைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லத் தெரியும்; அதற்கு மேல் எந்தப் படிப்பும் கிடையாது. நீ ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மயில்துத்தம் கரைத்த தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் வைத்து, கடை ஆணி ஒன்றைத் தேய்த்து அதற்குள் போட்டாய். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் ஆணி செக்கச்செவேல் என்று தாமிரமாக இருந்தது. நான் வாயைப் பிளந்துவிட்டேன். "அடேய், இரும்பத் தாமிரமாக்க இம்புட்டு சுலபமா? அப்ப நாம ஏண்டா தாமிரத் தகட்டுக்கு அலையிறோம்? நாளைக்கே ஒரு மூட்டை ஆணி வாங்கிருவோம்" என்றேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அப்பா, ஆணி மாறலப்பா. தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாம தாமிரம் கரைஞ்சு கெடக்கு. இரும்பு கொஞ்சம் தண்ணிக்குள்ள எறங்குது, அது எடத்துல தாமிரம் வந்து ஒட்டிக்கிருது. அம்புட்டுத்தான்" என்றாய். "அப்ப இது யாவாரத்துக்கு ஆகாது" என்று நான் சொன்னதற்கு, "ஆகாதுப்பா. ஆனா ஒரு தண்ணில தாமிரம் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க ஆகும்" என்றாய். அன்றைக்கு அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகன் பேசுகிற அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈயம் பூசுவதைப் பற்றியும் நீதான் எனக்குச் சொன்னாய். நான் கண்ணால் பார்த்து வைத்திருந்த வேலைக்கு நீ காரணம் சொன்னாய். பித்தளை உருகாத சூட்டிலேயே வெள்ளீயம் உருகிவிடும், அதனால்தான் பாத்திரம் கெடாமல் உள்ளே பூச முடிகிறது என்றாய். புளி, மோர், எலுமிச்சை எல்லாவற்றிலும் ஒரு அமிலம் இருக்கிறது, அது பித்தளையில் இருக்கிற தாமிரத்தைத் தின்னும், ஈயத்தை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, ஆகவே ஈயம் ஒரு வேலி என்றாய். பச்சைக் களிம்பு ஏறும் என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அது எங்கிருந்து ஏறுகிறது என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. பழைய பாத்திரத்தின் குணம் என்று விட்டுவிடுவோம்.

சண்டை வந்து சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்ததும், அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஈயம் கிடைக்காமல் போயிற்று. பூசுகிறவர்கள் துருத்தியைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். கல்யாணங்களுக்கு நான் வாடகைக்கு விடுகிற பித்தளை அண்டாவும் வாயகன்ற உருளியும் உள்ளே பாதி வெள்ளை, பாதி மஞ்சளாகத் தேமல் பிடித்த மாதிரி ஆயின. வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள். "என்ன அண்ணே, சொறி புடிச்ச சட்டியக் குடுக்குறீக? சம்பந்திமாரு பாத்தா சிரிப்பாக" என்று ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டே போனார். எனக்கு ஒரு யோசனை வந்தது. இல்லாத ஈயத்தைத் தேடுவதை விட, இருக்கிற ஈயத்தையும் எடுத்துவிட்டால் என்ன? செங்கல் பொடியும் புளியும் போட்டு உள்பக்கம் முழுதும் தேய்க்கச் சொன்னேன். மிச்ச ஈயமும் போய், உள்ளும் புறமும் ஒரே மாதிரி தகதக என்று வந்தது. வாசலில் வெயில் படும்படி கவிழ்க்காமல் மல்லாக்க வைத்தேன். "தங்கக் குடமாட்டம் இருக்குல்ல?" என்று நானே கேட்டு நானே பதில் சொன்னேன். சனம் அதைத்தான் கேட்டு வாங்கிப் போயிற்று. ஈயம் பூசிய பாத்திரம் மங்கல், தேய்த்த பாத்திரம் கௌரவம் என்று ஊருக்கே ஒரு ருசியைப் பழக்கிவிட்டேன். சாம்பார் கொதித்துப் பந்தியில் உடனே இறக்கிவிடுகிற வரையில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால் துணிச்சல் வந்தது. நீயும் விடுமுறைக்கு வந்தபோது பார்த்தாய். "அப்பா, புளி நேரங்கழிச்சு வைக்கக் கூடாதுன்னு சொல்லி விடுங்க" என்றாய். "அதெல்லாம் சமைக்கிறவனுக்குத் தெரியாதா?" என்றேன். சொல்லிவிடவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்றுதான் வரும்.

உன் கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்தில் சத்திரம் பிடித்தோம். பாத்திரக்காரன் வீட்டுக் கல்யாணம் இல்லையா? கடையிலேயே பெரிய உருளியை எடுத்து, என் முன்னால் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். உள்ளே முகம் தெரிந்தது. முதல் நாள் காலையில் முகூர்த்தம். பெண்வீட்டார் ரயிலில் வர வேண்டும். பட்டாளத்து வண்டிகளுக்கு வழி விட வேண்டி அவர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். முகூர்த்தம் தப்பி, மறு நாள் முகூர்த்தத்துக்கு மாற்றினோம். புளியோதரைக்குக் கிண்டி வைத்த புளிக்காய்ச்சல் அந்த உருளியிலேயே கிடந்தது. புளிதானே, கெடாது என்று எல்லோரும் நினைத்தோம். நல்ல சூட்டில் காய்ச்சி, அப்படியே ஆறவிட்டு, மறுபடி சூடு பண்ணினோம். நீ பள்ளிக்கூடத்தில் சொல்வாயே, சூடு ஏறினால் ரசாயன வேலை வேகமாக நடக்கும் என்று, அது நடந்தது. சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, "என்னமோ காசு நக்குன மாதிரி இருக்கு, புளி கொஞ்சம் தூக்கல் போல" என்று சொல்லி வெல்லத்தைத் தட்டிப் போட்டான். வாய்க்குத் தெரிந்திருக்க வேண்டிய கெட்ட ருசியை வெல்லம் மூடிவிட்டது.

உன் தங்கை முத்து புளி என்றால் விடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். தாலி கட்டி முடிந்து எல்லோரும் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பட்டுப்பாவாடையோடு அடுப்படிக்குப் போய், உருளி ஓரத்தில் ஒட்டிக் கெட்டியாகிக் கிடந்ததைச் சுரண்டிச் சுரண்டித் தின்றிருக்கிறாள். விரலெல்லாம் புளி. என்னிடம் ஓடிவந்து நீட்டிக் காட்டினாள். "அப்பா, ஒட்டுப்புளி. உங்களுக்கு வேணுமா?" என்றாள். "போதும்டி கழுத, பல்லு கூசும்" என்று சிரித்தேன். பந்தியில் சாப்பிட்டவர்கள் பல பேர் வாந்தி எடுத்தார்கள், தேறிவிட்டார்கள். பெரிய உடம்பில் பரவி நீர்த்துப் போன விஷம் அந்தச் சின்ன உடம்பில் நீர்க்கவில்லை. அதிலும் ஓரத்தில் சுண்டிக் கெட்டியானதை அவள் தின்றாள். சத்திரத்திலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தோம்; பச்சையும் நீலமுமாக வாந்தி. டாக்டர் வந்து கை பிடித்துப் பார்த்தார். குடிக்கக் கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்குள் வலது காலை வைத்துவிட்டு, மாலையைக்கூடக் கழற்றாமல், பேச்சி கூடத்து மூலையில் நின்றிருந்தாள். உன் ஆத்தா அவளைப் பார்த்துத்தான் முதலில் கத்தினாள். "ரயிலே இவளுக்கு வழி விடலையே! அன்னைக்கே எனக்குப் புத்தி வந்துருக்க வேணாமா!"

காடாற்று முடிந்த பிறகு, பின்கட்டில் நீ உட்கார்ந்திருந்தாய். சத்திரத்தில் இருந்து வந்த உருளி கழுவாமல் அப்படியே கிடந்தது. காய்ந்த புளியில் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றினாய். ஆணி ஒன்றை அம்மிக்கல்லில் தேய்த்து வெளுப்பாக்கி உள்ளே போட்டாய். நான் நிலைப்படியில் நின்றதை நீ பார்க்கவில்லை. எடுத்தபோது ஆணி சிவந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே தலை நிமிர்ந்தாய், என்னைப் பார்த்தாய். கிண்ணத்தை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போனாய். அப்பாவின் பாத்திரம் தங்கச்சியைக் கொன்றது என்று ஆத்தாவுக்குத் தெரிந்தால் வீடு என்னாகும் என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். என் மேல் இருந்த பாசம் அது. எனக்குப் புரிகிறது. ஆனால் தம்பி, அந்தப் பாசத்துக்கான செலவை நீ கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்து ஒரு நாள்கூட ஆகாத ஒரு பெண் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

உன் மாமன் வந்துவிட்டுப் போன மறு நாள், நான் உன் ஆத்தாவை அடுப்படியிலேயே உட்கார வைத்துச் சொன்னேன். வெறும் வாய்ப் பேச்சை அவள் நம்பமாட்டாள் என்று, ஈயம் இல்லாத பித்தளைக் கிண்ணியில் முதல் நாளே புளியைக் காய்ச்சி வைத்திருந்தேன். நீ செய்த மாதிரியே செய்தேன். ஆணியைத் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று இருந்தேன். அவள் சத்தமே போடாமல், "இத ஏன் சொன்னீக?" என்றாள். "அவ மேல போட்டுட்டு நான் பாட்டுக்குக் கெடந்தேனே. இப்ப நான் எங்கிட்டுப் போவேன்? ஒங்களோடதான கெடக்கணும்?" என்றாள். வியாபாரத்தில் எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசிச் சரிக்கட்டியவன், அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் மறு நாள் உன் மாமனைக் கூப்பிட்டு, "வாடிப்பட்டிப் பிள்ளைய அத்து விடுற பேச்ச இனி இந்த வீட்ல எடுக்காத" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் சொல்லிவிட்டாள். அது அவளுக்கு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

வாடகைப் பாத்திரங்களை எல்லாம் அடியில் உளி வைத்து ஓட்டை போட்டுவிட்டேன். கேட்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்கிறேன். சிலர் தலையில் அடித்துக்கொண்டு போகிறார்கள். சிலர் பக்கத்துக் கடையில் போய் அதே மாதிரித் தேய்த்த அண்டாவை வாங்கிப் போகிறார்கள். நான் பின்னாலேயே ஓடி, மண்சட்டியில் புளி வையுங்கள் என்று சொல்கிறேன். "அண்ணனுக்கு மக போனதுல இருந்து ஒரு மாதிரி ஆயிருச்சு" என்கிறார்கள். சொல்லட்டும். நீ வகுப்பில் அமிலம் உலோகத்தைக் கரைக்கும் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்துவிடாதே. பிள்ளைகளிடம் வீட்டில் என்ன பாத்திரம், அதில் என்ன வைக்கிறார்கள் என்று கேள். பரீட்சைக்கு வராது. ஆனாலும் கேள்.

பிறகு நான் வாடிப்பட்டிக்குப் போனேன். சம்பந்தி வாசலில் நின்றபடியே, "வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், புளி, உருளி, முத்து எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "எம் பொண்ணு இந்த வீட்ல வெதை நெல்லத் தொட்டா வேணாம்னு எம் பொண்டாட்டியே கையத் தட்டி விடுறா. பெத்தவளே நம்புற மாதிரி ஆக்கிட்டீகளே அய்யா. எம்புட்டு நாளாத் தெரியும் ஒங்களுக்கு?" என்றார். "அன்னையில இருந்தே" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். என்னை அடிக்காமல் இருப்பதற்காகத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

பேச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வெளியே வந்தாள். இளைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். கேள் தாயி என்றேன். "அவுகளுக்குத் தெரியுமா?"

அந்த இடத்தில் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வண்டி ஏறியிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் கண் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தது. பொய் சொல்ல எனக்குத் தெரியாதா? உள்ளே ஈயம் இல்லாததைத் தங்கம் என்று விற்றவன் நான். ஆனால் மறுபடியும் அதே வேலையை, அதுவும் அவளிடம் செய்ய வாய் வரவில்லை. "தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. "நான் எங்க அப்பாகிட்ட, அவுக படிச்சவுக, என்னைக்காவது ஒரு நாள் வந்து நியாயத்தச் சொல்வாகன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன் மாமா" என்றாள். பிறகு, "நீங்க சொன்னது சரி. நீங்க போங்க. அவுகள வரச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள வந்து எங்கிட்ட ரகசியமாச் சொல்ல வேணாம். இந்தத் தெருவுல நின்னு, எந்தங்கச்சியப் பாக்க வந்துட்டு எந்திரிச்சுப் போனாகளே, அவுக காதுலயும் விழுகிற மாதிரிச் சொல்லணும். சொல்லிட்டா, நான் வாரேனா வரலையான்னு அதுக்கப்பறம் நான் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நீ வருவாய் என்று நான் அவளிடம் வாக்குக் கொடுக்கவில்லை. உனக்காக நான் பேசியதெல்லாம் போதும். நீ போனால் அவள் வந்துவிடுவாள் என்றும் உனக்கு எழுத என்னால் முடியாது; வரமாட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது. அவள் இடத்தில் நான் இருந்தால் வரமாட்டேன். என் பெயரைச் சொல்லத் தயங்காதே, அப்பாவின் உருளி என்றே சொல். நீ ஆணியைப் பார்த்ததையும் சொல், கொட்டிவிட்டு வந்ததையும் சொல். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரலிலேயே சொல், கடைசித் திண்ணை வரைக்கும் கேட்கட்டும். அவள் கதவைச் சாத்திக்கொண்டாலும் பாதியில் நிறுத்தாதே. முழுதும் சொல்லி முடித்துவிட்டு வண்டி ஏறு.

உன் அப்பா